சேலத்தில் ஓராண்டு நாடக வரிசை: பழைய நாடகங்களை எவ்வளவு சுருக்கலாம்?

அம்மாபேட்டைத் தறிக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தறி ஓட்டுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், உருக்காலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் என இருபதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து அம்மாபேட்டையில் ஒரு நாடகக் குழுவைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். இதுவரை ஆண்டுக்கு ஒரு நாடகம் என்ற அளவில் நின்றோம். வரும் தை மாதத்தில் தொடங்கி ஓராண்டுக்குள் நான்கு பழைய நாடகங்களை வரிசையாக மேடையேற்றலாம் என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’, ‘ஹாம்லெட்’ நாடகத்தை அவரே தமிழாக்கிய ‘அமலாதித்யன்’, பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ ஆகியவை எங்கள் பட்டியல்.

எங்களை வாட்டும் சிக்கல் நேரம்தான். விடிய விடிய நடந்த நாடகத்தை இரவு ஒன்பதரை மணிக்குள் முடித்தால்தான் தாரமங்கலத்திலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் வருபவர்கள் பேருந்தைப் பிடிக்க முடியும். சென்ற ஆண்டு ‘சத்தியவான் சாவித்திரி’யை ஒன்றரை மணி நேரத்திற்குள் அடக்கினோம். நான்கு பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் பொருளை உரைநடை வசனமாக மாற்றினோம். கைதட்டல் குறைவில்லாமல் கிடைத்தது. ஆனால் நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் வந்த ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கதை எனக்குத் தெரியும் தம்பி, அதைத் தெரிந்துகொள்ளவா வந்தேன்?” என்று கேட்டுவிட்டுப் போனார். சாவித்திரி எமனோடு வாதாடும் இடத்தை நாங்கள் பத்து வரிகளில் முடித்திருந்தோம். அவர் கேட்டது அன்று முதல் என்னை விடவில்லை.

ஆகவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். இந்த நாடகங்களைச் சுருக்காமல் நடத்த வழி உண்டா? சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் எதை விடலாம், எதைத் தொடவே கூடாது? ‘மனோன்மணீயம்’ எங்களைப் போன்ற குழுவால் இயலக்கூடியதுதானா?

குகை ஆர்மோனியம்:

வணக்கம் ஐயா. என் தகப்பனார் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நானும் சிறுவயதில் அவரோடு பல மேடைகளில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கான விடையை அந்த முதியவரே சொல்லிவிட்டதாக நினைக்கிறேன். இசை நாடகத்தில் கதை என்பது கொடி படர்வதற்கான கொம்பு. மக்கள் கேட்க வருவது தர்க்கத்தை, அதாவது இருவர் பாட்டாலேயே வாதிடுவதை. வள்ளி தினைப்புனத்தில் நின்று பறவைகளை விரட்டும் ஆலோலம் பாடுவதும், நாரதர் வந்து அவளோடு வாதிடுவதும், வேடனாக வந்த முருகன் அவளிடம் வழி கேட்பது போலப் பேச்சைத் தொடங்கி மெல்ல மெல்லத் தோற்பதும்தான் ‘வள்ளி திருமணம்’. இவற்றில் பாட்டை எடுத்துவிட்டு வசனத்தை வைத்தால், ஒருவர் பாடி முடித்த இடத்திலிருந்து அதே மெட்டில் மற்றவர் பதிலை எடுக்கும் சுவை முழுவதும் போய்விடும்.

எனவே பாட்டைக் குறைப்பதை விட்டுவிட்டுக் காட்சிகளையே எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. தொடக்கத்தில் வரும் பபூன் என்னும் கோமாளியின் பகுதியைச் சில நிமிடங்களோடு நிறுத்தலாம். வள்ளியின் தந்தை நம்பிராஜன் அவைக் காட்சியையும் வள்ளி பிறந்த கதையையும் ஒருவர் முன்னுரையாகச் சொல்லிவிடலாம். மீதமிருக்கும் மூன்று பெரிய இடங்களையும், அதாவது ஆலோலம், நாரதர் தர்க்கம், முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் (கிழவனாகவும்) வரும் பகுதி ஆகியவற்றை, ஒரு வரியும் விடாமல் நடத்துங்கள். மூன்று மணி நேரத்துக்கு அது போதும். மாலை ஆறு மணிக்குத் திரை தூக்கினால் உங்கள் பேருந்துக் கவலையும் தீரும்.

ஒரு தொழில் நுட்பத்தையும் சொல்ல வேண்டும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகம் நடத்தும் கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, அன்றைக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகையே இராது. சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பதும், தர்க்கத்தை அங்கேயே வளர்க்கும் திறமை இருப்பதும்தான் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. 1918-இல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களுக்கு அளித்த பயிற்சி அப்படிப்பட்டது. உங்கள் குழுவிடம் அந்தப் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. ஆதலால் தர்க்கத்தை எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முகத்தைப் பார்க்கும் முன் குரலைக் கேளுங்கள். வள்ளியாக வருபவருக்கு எந்தக் கட்டை (சுருதி அளவு) ஒத்துவருகிறதோ, அதிலேயே முருகனாக வருபவரும் சிரமமில்லாமல் பாட வேண்டும். இருவரும் ஒரே சுருதியில் நின்றால்தான் பாட்டு கைமாறும். தறிச் சத்தத்திற்கு மேலே பேசிப் பழகியவர்களுக்குக் குரல் பெரிதாக இருக்கும், ஆனால் அது தொண்டையிலிருந்து வரும். மூன்று மாதம் விடியற்காலையில் சாதகம் (குரல் பயிற்சி) செய்யாமல் அந்தத் தொண்டையோடு மூன்று மணி நேரம் பாட முடியாது. எங்கள் வீட்டில் அப்பா அதிகாலையில் ஆர்மோனியத்தில் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, நடிகர்கள் திண்ணையில் உட்கார்ந்து சாதகம் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் குறுக்கு வழி எதையும் நான் அறியேன்.

மேச்சேரி வாசகர்:

நான்கு நாடகங்களையும் ஒரே குழு ஓராண்டில் செய்வது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அமலாதித்யன்’ அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். சேலத்தில் நடக்கும் பழைய நாடக வரிசையில் கூத்துக்கு இடமில்லை என்றால் அது பெருங்குறை. ஓமலூர், மேச்சேரி, எடப்பாடி வட்டாரங்களில் இன்றும் விடிய விடியக் கூத்து நடக்கிறது. கர்ண மோட்சத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மடக்கிக் கேட்கும் கேள்விகளைக் கேட்டவர்களுக்கு, தர்க்கம் என்றால் என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஓரிரவை நீங்கள் நடிக்க வேண்டாம்; ஒரு கூத்துக் குழுவை அழைத்து, முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் முழங்க, சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஞாயிறு விடியும்வரை நடத்தவிடுங்கள். விடிந்த பிறகு பேருந்துகள் ஓடத்தானே செய்யும்! அவர்களுக்குப் பொன்னாடையோடு நிறுத்திவிடாமல், பேசிய சம்பளத்தை அன்று காலையிலேயே முழுதாகக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஆடி மாதத்தில் எதையும் வைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் உள்ளிட்ட நகரத்து மாரியம்மன் கோயில்களின் திருவிழாக் காலம் அது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் உங்கள் குழுவின் தறிக்காரர்களே ஒத்திகைக்கு வரமாட்டார்கள்.

ஏற்காட்டுத் தமிழாசிரியை:

‘மனோன்மணீயம்’ பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 1891-இல் வெளிவந்த அந்த நூல் ஐந்து அங்கங்கள் கொண்ட செய்யுள் நாடகம். பெரும்பகுதி ஆசிரியப்பாவால் ஆனது. படிப்பதற்குரிய நாடகம் என்றே அறிஞர்கள் பலரும் அதைக் கருதி வந்துள்ளனர். அதை உரைநடையாக்கி மேடையேற்றினால் அமைச்சன் குடிலனின் சூழ்ச்சி, பாண்டிய மன்னன் சீவகனின் ஏமாற்றம், சுந்தர முனிவர் அமைக்கும் சுருங்கை (இரகசியச் சுரங்கவழி) என்று கதை மட்டும் எஞ்சும். அந்தக் கதையோ ஆங்கிலத்தில் லிட்டன் எழுதிய கதையொன்றிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொண்டது. அவருடையது என்று நாம் கொண்டாட வேண்டியது அந்தத் தமிழ்நடையையும், தோழி வாணிக்கும் சீவகனின் மகள் மனோன்மணிக்கும் இடையே நடக்கும் உரையாடலின் நயத்தையும், தன் நலத்திற்காக எதையும் துணியும் குடிலன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் வரிகளையும்தான்.

ஆகவே அதை நடிக்க முயலாமல் வாசியுங்கள். எட்டுப் பேர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அரைவட்டமாக அமர்ந்து, இரண்டு மாலைப்பொழுதுகளில் தேர்ந்த களங்களை (காட்சிகளை) குரல் வேறுபாட்டோடு வாசிக்கலாம். எங்கள் பள்ளியில் மேல்நிலை மாணவர்களோடு ஓர் அங்கத்தை அவ்வாறு வாசித்தபோது, செய்யுள் என்றாலே அஞ்சிய பிள்ளைகள், சீரைப் பிரிக்காமல் பொருளுக்கேற்ப மூச்சுவிடக் கற்றுக்கொண்ட மறுநாளே வரிகளைப் பேச்சைப் போலச் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அது மறக்க முடியாத நாள். தொடக்கத்தில் பாயிரத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கம் முழுவதையும் வாசியுங்கள். அதன் ஒரு பகுதியைத்தான் அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டது. ‘நீராருங் கடலுடுத்த’ என்று பள்ளி நாள் முதல் எழுந்து நின்று பாடியவர்கள், அது ஒரு நாடக நூலின் வாயில் என்பதை அந்த மாலையில் காதாரக் கேட்க வேண்டும்.

அந்த வாசிப்பை ஏற்காட்டில் நடத்துவதென்றால் பகலிலேயே வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் இறங்குவது முதியவர்களுக்கு நல்லதன்று. மிருதங்கம் கொண்டுவந்தால், பனி இறங்கியதும் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வழக்கறிஞர்:

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. சுந்தரம் பிள்ளை 1897-இலும், சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இலும், சம்பந்த முதலியார் 1964-இலும் மறைந்தவர்கள். ஆகவே நீங்கள் பட்டியலிட்ட நான்கு நாடகங்களுக்கும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் ‘மனோகரா’வில் எச்சரிக்கை தேவை. மனோகரனைச் சங்கிலியால் பிணைத்து அவைக்குக் கொண்டுவரும் காட்சி என்றதும் எல்லோருக்கும் 1954-இல் வெளிவந்த திரைப்படத்தின் வசனம்தான் நாவில் வரும். அந்த வசனம் முதலியாருடையதன்று. அதன் உரிமையும் வேறு. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நூலில் உள்ளதையே பேசுவதுதான் நாடகத்திற்குச் செய்யும் நியாயம்.

முதலியார் 1891-இல் சென்னையில் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை, பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் மாலையில் ஒத்திகைக்குக் கூடிய இடம். அவரே வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். உங்கள் குழுவுக்கு முன்னோடி தேடினால் அங்கே தேடுங்கள். இரவு முழுதும் நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்திற்குள் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தாம். சுருக்கமாக நடிப்பதற்கென்றே எழுதப்பட்ட அவர் நாடகத்தை நீங்கள் மேலும் சுருக்க வேண்டிய தேவையே எழாது.

அம்மாபேட்டைத் தறிக்காரர்:

பொறுமையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் எல்லாப் பதில்களையும் உரக்க வாசித்துக் காட்டினேன். ‘அமலாதித்ய’னுக்காக ஏற்கெனவே பாதி வசனத்தை மனப்பாடம் செய்துவிட்ட தம்பிக்கு வருத்தம்தான். அவரையே மனோகரனாக வரச் சொல்லியிருக்கிறோம். மாசியில் ‘மனோகரா’, கோடையில் ஏற்காட்டில் ஒரு பகலும் இங்கே ஒரு மாலையுமாக ‘மனோன்மணீயம்’ வாசிப்பு, ஆவணியில் ஒரு சனிக்கிழமை இரவுக் கூத்து, அடுத்த தையில் ‘வள்ளி திருமணம்’ என்று வரிசையை மாற்றிவிட்டோம். வள்ளியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், சாதகத்திற்கு மூன்று மாதம் போதாது என்று எங்கள் பெண்கள் கூறியதுதான்.

குகை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். எங்களிடம் ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லை. ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்குத் தறிகள் நிற்கும் நேரத்தில் எங்கள் கூடத்தில் கூடுகிறோம். தாங்கள் ஒரு நாள் வந்து, எங்கள் வள்ளிக்கு எந்தக் கட்டை என்று கேட்டுச் சொல்ல முடியுமா? சென்ற ஆண்டு என் கையைப் பிடித்த அந்தப் பெரியவரையும் தேடிக் கண்டுபிடித்து ஒத்திகைக்கு அழைத்துவர ஆள் அனுப்பியிருக்கிறேன்.