பைக்கில் நாய்ப் பெட்டி: ப்ளைவுட்டா, காய்கறி க்ரேட்டா?

கேள்வி
ஸ்ப்ளெண்டர், பின்னால் கேரியர் இருக்கு. ஸ்பிட்ஸ் நாய், 8 கிலோ. கால்நடை ஆஸ்பத்திரி 14 கி.மீ. 12 எம்.எம். ப்ளைவுட்டில் 45×35×40 செ.மீ. பெட்டி அடிச்சு, எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டலாம்னு திட்டம். சரி வருமா?

பதில் 1
கட்டாதீங்க. எலாஸ்டிக் கயிறு குழியில் பெட்டியைத் தூக்கிப் போடும், ரெண்டாவது குழியில் கொக்கி கழண்டுக்கும். ப்ளைவுட் பெட்டி மூடி இல்லாமலே 6 கிலோ கிட்ட வரும். 54×36×29 செ.மீ. காய்கறி க்ரேட் வாங்குங்க, ரெண்டு கிலோ சுமார்தான், காற்றும் போகும்.

க்ரேட்டைக் குறுக்கே வைங்க. உள்ளே 9 எம்.எம். ப்ளைவுட் பலகை, கேரியர் கம்பிக்கு அடியில் 25×5 எம்.எம். இரும்புப் பட்டை ரெண்டு. நடுவில் க்ரேட்டின் அடிப் பிளாஸ்டிக் மாட்டிக்கணும். எம்8×50 போல்ட் நாலு, பெரிய வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கும், அதிர்வில் சுலபமா கழலாது). பலகை இல்லாமல் போல்ட் மட்டும் போட்டால் ஓட்டை கிழிஞ்சு பெரிசாகிடும். ஜிப் டை நினைப்பே வேண்டாம், வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பதில் 2
போல்ட்டெல்லாம் சரி. நாயைக் கட்டுற பெல்ட்டைப் பற்றி யாரும் பேசலையே. கழுத்துப்பட்டையில் கட்டினால் ஒரு பிரேக்கில் கழுத்து நெரியும். மார்போடு போடுற ஹார்னஸ்தான் போடணும். பெல்ட் 25 எம்.எம். நைலான். மறுமுனை க்ரேட்டில் இல்லை, கேரியர் கம்பியில். க்ரேட் உடைஞ்சாலும் நாய் வண்டியோடு இருக்கும்.

பெல்ட்டின் நீளம்தான் உயிர். நாய் படுக்க, உட்கார முடியணும். முன்னங்கால் விளிம்பில் ஏறினால் நீளம் அதிகம். அந்த அளவில் குதிச்சால் பின் சக்கரத்துப் பக்கம் தொங்கும்.

பதில் 3
இடமே தப்புன்னு சொல்வேன். கேரியர் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கு. அங்கே எடை ஏறினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பின்னால் ஆள் இல்லைன்னா 25×25×3 எம்.எம். இரும்பு எல் ஆங்கிள் ரெண்டை கேரியரில் போல்ட் பண்ணி, சீட் மேல் முன்னால் நீட்டுங்க. சீட்டில் படுற இடத்தில் பழைய ட்யூப் துண்டு வைங்க. க்ரேட் இப்போ சீட் மேலேயே உட்காரும். பின் டயர் காற்று, ரெண்டு பேர் போகும்போது வைக்கிற அளவு. டெயில் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

கேட்டவர்
மேலே வலை போடலாமா? சைலன்சர் சூடு வருமா?

பதில் 2
போடலாம், ஒரு இன்ச் கட்டம் உள்ள வெல்ட் மெஷ் (கம்பி வலை). வெட்டின முனையெல்லாம் ஊசி. ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்க மாட்டுங்க. பூனைன்னா வலை கட்டாயம், மேலே பாதிக்குத் துணியும். சைலன்சர் வலப்பக்கம், அதனால் அந்தப் பக்கக் கீழ் ஓட்டைகளை மட்டும் அடைங்க. அடியில் 6 எம்.எம். ஓட்டை நாலஞ்சு, மூத்திரம் வடிய. பலகை மேல் வழுக்காத ரப்பர் மேட். சாக்கு விரிச்சால் திருப்பத்தில் நாயோடு சேர்ந்து நகரும்.

முதல் 50 கி.மீ. ஓடினதும் நட்டையெல்லாம் ஒரு தடவை இறுக்கிடுங்க. அந்த 50-ஐ நாய்க்குப் பதில் 8 கிலோ அரிசிப் பையை வச்சு ஓட்டுங்க.