பழைய எலக்ட்ரிக் கிட்டார்: பெயின்டை உரிப்பதா, விடுவதா?

கல்லடி வாசி:
பாவித்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிட்டார் ஒன்று வாங்கினேன். கறுப்பு நிறம். கை படும் மேல் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிகிறது. முழுவதும் உரித்து நீலம் அடிக்க ஆசை. இப்போது தொடங்கலாமா?

ஏறாவூரான்:
தம்பி, முதலில் அது என்ன பூச்சு என்று பாருங்கள். பிக்கார்டை (தந்திகளுக்குக் கீழே உடலில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை) கழற்றி, உள்ளே மறைவான இடத்தில் ஒரு துளி அசிட்டோனைப் பஞ்சால் வையுங்கள். பிசுபிசுத்தால் நைட்ரோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு; அசையாவிட்டால் பொலி, அதாவது பொலியெஸ்டர், பொலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் பூச்சு. ஃபெண்டர் கம்பனியே 1960களின் இறுதியில் பொலியெஸ்டருக்கு மாறத் தொடங்கிவிட்டது. இன்றைய மலிவுக் கிட்டார்கள் பெரும்பாலும் பொலிதான். கண்ணாடி போல இறுகியிருக்கும், சாண்ட்பேப்பரால் மட்டும் உரிப்பது பெரும்பாடு. ஹீட் கன் (சுடுகாற்று ஊதும் கருவி) வேண்டும். முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

அதைவிட முக்கியம் காலம். மாரியில் ஸ்ப்ரே பண்ணவே வேண்டாம். ஈரக்காற்றில் லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். வாவிக்கரையில் இருக்கிறீர்கள், சொல்லவா வேண்டும்? சித்திரை வரை பொறுங்கள்.

களுவாஞ்சிக்குடி:
நான் என்றால் உரிக்கமாட்டேன். பெயர்ந்த விளிம்பில் சுப்பர் குளூவை மெல்லியதாக விட்டு, நன்றாகக் காய்ந்ததும் 600, அப்புறம் 2000 நம்பர் சாண்ட்பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மேலும் பெயராது. கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) ஆணிகள்தான், அவற்றையும் கவனியுங்கள்.

கல்லடி வாசி:
அசிட்டோனுக்கு அசையவில்லை, பொலிதான் அண்ணன். இப்போதைக்கு விளிம்பை மட்டும் அடைக்கிறேன். நீலம் சித்திரையில்.