நீண்டகாலம் உழைக்கும் வீட்டு ரௌட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நொடிக்கு 300 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு இருக்கிறது. இணைப்போடு வந்த ரௌட்டர் சில மாதங்களாகத் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. மாலை வேளைகளில் வீடியோ அழைப்புகள் பாதியில் அறுந்துபோகின்றன. புதிதாக ஒன்றை வாங்கலாம் என்று தேடினால், ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000, பிஇ9300 என்ற எண்களும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. எனக்கு வேகத்தில் பெரிய ஆசை இல்லை. ஒருமுறை வாங்கினால் ஏழெட்டு ஆண்டுகளாவது தொந்தரவின்றி ஓட வேண்டும்; வயதான பெற்றோர் தனியாக இருக்கும் நேரத்தில் அதை அணைத்துப் போட வேண்டிய நிலை வரக்கூடாது. வீடு இரண்டு தளங்கள் கொண்டது. கைபேசிகள், தொலைக்காட்சி, கேமராக்கள் எல்லாம் சேர்த்து இருபது கருவிகள் இருக்கும். எவற்றைக் கவனித்து முடிவு செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வாங்குவதற்கு முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ரௌட்டர் தானாக அணைந்து தொடங்கும்போது பல நேரங்களில் பழுது பெட்டிக்குள் இருப்பதில்லை. அடாப்டரில் மின்சாரத்தைச் சீராக்கும் மின்பகுளி வகை மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) வெப்பத்தில் மெல்ல உலர்ந்துபோவதால், 12 வோல்ட் தர வேண்டிய அது, சுமை ஏறும் நேரத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் தாழ்ந்துவிடும். வீட்டில் எல்லாரும் இணையத்தில் இருக்கும் மாலையில் தொல்லை கூடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. மாற்று அடாப்டரில் வோல்ட் அளவும் முனையின் நேர், எதிர் அமைப்பும் பழையதில் அச்சிட்டிருப்பதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக்கூடாது. வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ள முனைகளில் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவுகள் உண்டு. மெல்லிய ஊசியுள்ள ரௌட்டரில் பெரிய துளையுள்ள முனையைச் செருகினால் அது தளர்வாக நின்று, விட்டுவிட்டு மின்சாரம் தரும். பிறகு புதிய அடாப்டரும் கெட்டுவிட்டது என்று நினைப்போம்.

புதிய ரௌட்டர் வாங்கினாலும் பகை வெப்பம்தான். இவ்வகை மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறையக் குறைய ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. மூடிய அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இன்னொரு கருவியின் தலைமேலோ வைத்தால் எவ்வளவு நல்ல ரௌட்டரும் சீக்கிரம் களைத்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னது சரி. ஆனால் பாகங்கள் கெடாவிட்டாலும், தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்தும் நாளில் ரௌட்டரின் பயன்பாட்டுக் காலம் முடிந்துவிடுகிறது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரௌட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே வெளியில் தெரிந்த ஓட்டைகளையோ மாற்றப்படாத தொடக்கக் கடவுச்சொல்லையோ கொண்டவை. ஆகவே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்ததும் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்துக்குச் சென்று, கடைசி ஃபர்ம்வேர் (ரௌட்டரை இயக்கும் உள்மென்பொருள்) எப்போது வந்தது என்பதையும், அதே நிறுவனத்தின் ஐந்தாண்டுப் பழைய மாதிரிகளுக்கு இன்னமும் வருகிறதா என்பதையும் பாருங்கள். இத்தகைய கருவிகளுக்கு எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை வெளியிட வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. அங்கே விற்கும் நிறுவனங்கள் வெளியிடும் தேதிகளை எந்த நாட்டில் இருப்பவரும் படித்துப் பார்க்கலாம். ஒரே பெயரில் வி1, வி2 என்று வெவ்வேறு சிப்புகளோடு விற்கும் வழக்கமும் இருப்பதால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஏஎக்ஸ்3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 மெகாபிட் என்ற இரண்டு உச்ச அளவுகளைக் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொல்வது. எந்த ஒரு கைபேசிக்கும் அந்தக் கூட்டுத்தொகை கிடைக்காது. உங்கள் 300 மெகாபிட் இணைப்புக்கு எளிய வைஃபை 6 ரௌட்டரே தாராளம். ஆன்டெனா எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் மறுமொழி

எல்லாவற்றையும் ஒரே பெட்டி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடச் சொல்வேன். வைஃபை 6 கருவிகளுக்குச் சான்றளிப்பது 2019-இல் தொடங்கியது. வைஃபை 7-க்கு 2024 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. கம்பிவழி ரௌட்டர் இந்த வேகத்தில் பழசாவதில்லை. மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்ற வைஃபை இல்லாத ரௌட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, தளத்துக்கு ஓர் அக்சஸ் பாயிண்டை (வைஃபை அலையை மட்டும் பரப்பும் பெட்டி) ஈதர்நெட் கம்பியில் இணைத்தால், பின்னாளில் வைஃபை தரம் மாறும்போது அக்சஸ் பாயிண்டை மட்டும் மாற்றினால் போதும். பிஓஇ வசதி இருந்தால் அதே கம்பியிலேயே மின்சாரமும் போய்விடும். மாடியில் அடாப்டரே தேவைப்படாது.

ஒரே பெட்டிதான் வேண்டும் என்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் மாற்று ரௌட்டர் மென்பொருளை ஏற்கும் மாதிரியாக வாங்குங்கள். தயாரிப்பாளர் கைவிட்ட பல ரௌட்டர்களுக்கு அந்தத் திறமூலத் திட்டம் புதுப்பிப்பு தந்துகொண்டிருக்கிறது. ஃப்ளாஷ் 16 மெகாபைட்டுக்கும் ரேம் 128 மெகாபைட்டுக்கும் குறையக்கூடாது; ரேம் 256 இருந்தால் நிம்மதி. வீடியோ அழைப்பு அறுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கேமராக்களோ கைபேசிகளோ கோப்புகளை மேலேற்றும்போது ரௌட்டருக்குள் தரவு வரிசை நீண்டு, அழைப்பின் துணுக்குகள் அதன் பின்னால் காத்துக்கிடக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, இணைப்பு வேகத்தில் 90 விழுக்காடு அளவுக்கு வரம்பு வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அதே அளவுள்ள அடாப்டரை மாற்றிய பிறகு ரௌட்டர் தானாக அணையவில்லை. ஆனால் அழைப்புகள் இப்போதும் சில நேரம் தடுமாறுகின்றன. மாடிக்குக் கம்பி இழுக்க முடியும். ஃபைபர் வந்து சேரும் பெட்டியே ரௌட்டராகவும் இருக்கிறது. அதை என்ன செய்வது? மைக்ரோடிக் அமைப்புகளை என்னால் சமாளிக்க முடியுமா என்றும் தயக்கமாக இருக்கிறது.

முதலில் மறுமொழி எழுதியவர்

மைக்ரோடிக் சிறந்ததுதான், ஆனால் பொறுமை கேட்கும். உங்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும் வைஃபை 6 ரௌட்டர் ஒன்றும், மாடிக்கு ஓர் அக்சஸ் பாயிண்டும் போதும். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றித் தருமாறு இணைப்பு நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றுவதற்கு முன், ரௌட்டர் இணைய இணைப்புக்குள் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் தொலைபேசியும் அந்தப் பெட்டி வழியாக வருகிறது என்றால், மாற்றிய பின் அது பேசுமா என்பதையும் உறுதி செய்துகொள்வது நல்லது. பிரிட்ஜ் கிடையாது என்று மறுத்தால் கவலை வேண்டாம். புதிய ரௌட்டரைப் பழையதன் பின்னால் இணைத்து, பழையதின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து நேரடியாகக் கேமராவை அணுகுவது, சில விளையாட்டுகள் போன்றவற்றில் மட்டும் சிக்கல் வரலாம். சாதாரணப் பயன்பாட்டில் வித்தியாசம் தெரியாது, எஸ்க்யூஎமும் அப்படியே வேலை செய்யும்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்துக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு வரும் வீடாக இருந்தால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள். ஃபைபர் பெட்டி, ரௌட்டர் இரண்டின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் தாங்கக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.