கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் யாராவது இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். அக்கா மகள் திருச்சியில் நர்ஸ். ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில் தேறி, அடுத்த மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் சேரப் போகிறாள். பிபிசி செய்தி அவளுக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் கிளாஸ்கோ பெரியவர்கள் பேசும் வீடியோக்களைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அக்குளை ‘ஆக்ஸ்டர்’ என்கிறார்கள், முகம் வெளிறியிருந்தால் ‘பீலி வாலி’. “எங்கே ஸ்டே பண்ணுகிறாய்?” என்றால் வீடு எங்கே என்று அர்த்தமாம். இது தப்பான ஆங்கிலம் இல்லை, ஸ்காட்ஸ் மொழி கலந்த பழைய பேச்சு. அதை மரியாதையோடு கற்றுக்கொள்ளவே ஆசைப்படுகிறாள்.

வார்த்தைகளை எழுதிவைத்துப் படித்துவிடலாம். என் கவலை வேறு. வலி தாங்காதபோதும் “நாட் பேட்” என்று சொல்லும் நோயாளியிடம் அடுத்து எப்படிக் கேட்பது? திரும்பச் சொல்லச் சொன்னால் கோபிப்பார்களா? டாக்டரை “சார்” என்றே கூப்பிட்டுப் பழகியவள், அங்கே பேர் சொல்லலாமா? நம் தலையாட்டலை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்களோ?

ஸ்காட்லாந்து வார்டுகளில் இருந்தவர்கள் முதல் சில வாரம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். காது பழக நல்ல ரேடியோ நிகழ்ச்சி இருந்தாலும் சொல்லுங்கள். யாராவது அவளோடு போனில் அரை மணி நேரம் பேச முடிந்தால் பெரிய உதவி.