வேதம் தெரிந்தவர், மறுபடியும் பிறந்தவர்: வித்தியாசம் எங்கே தெரியும்?

வகுப்பாசிரியர் கேட்டது

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞானஸ்நான ஆயத்த வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் சந்திக்கும் சிக்கல் இது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், ரோமர் எட்டாம் அதிகாரம் என எதைக் கேட்டாலும் தடங்கலின்றி ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். இரட்சிப்பைப் பற்றிக் கேட்டாலும் பதில் சரியாகவே வரும். அப்படிப்பட்ட ஒருவர் மறுபடியும் பிறந்தவரா, பாடம் நன்றாகப் படித்தவரா என்று எப்படிப் பிரித்தறிவது? 'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்று இயேசு யாரிடம் சொன்னாரோ அந்த நிக்கொதேமுவிடம் இல்லாதது என்ன? அறிவு மட்டும் போதாது என்று சொல்லப்போய், வேதத்தைப் படிக்கவே வேண்டாம் என்று கேட்பவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

மூலமொழி மாணவன்

நிக்கொதேமு வேதம் தெரியாதவன் அல்ல, இஸ்ரவேலில் போதகன். யோவான் 3:10ல் ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்வதே அதனால்தான். அவன் கையிலிருந்த எசேக்கியேல் 36:25-27ஐ எடுத்துப் பாருங்கள். சுத்தமான ஜலம் தெளிப்பது, கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயம் கொடுப்பது, ஆவியை உள்ளத்தில் வைப்பது எல்லாம் அங்கே இருக்கின்றன. யோவான் 3:5ன் ஜலமும் ஆவியும் அவனுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கக் கூடாது. அந்த வசனங்களில் வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்: தெளிப்பேன், சுத்திகரிப்பேன், கொடுப்பேன், எடுத்துப்போடுவேன், வைப்பேன். எல்லாமே தேவன் செய்வது. படித்துத் தேர்ச்சி பெறுகிற பாடமாக அதைக் கொள்ளவே முடியாது.

'மறுபடியும்' என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது 'அனோதென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் 'மேலிருந்து' என்றும் இரண்டு பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு தாயின் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்டான். அதே சொல் 3:31ல் 'உன்னதத்திலிருந்து' என்று வருகிறது. வகுப்பில் இரண்டு பொருளையும் சொல்லுங்கள். 'மறுபிறப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் இறந்தபின் வேறு உடலில் பிறப்பது என்று சிலர் நினைப்பார்கள். அந்தக் குழப்பத்தை முதல் நாளே தீர்த்துவிடுவது நல்லது.

பழைய வினாவிடை

உங்கள் கேள்வியின் நடைமுறைப் பகுதிக்கு வருகிறேன். புராட்டஸ்டண்ட் இறையியலார் விசுவாசத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: செய்தியை அறிவது, அது உண்மை என்று ஒப்புக்கொள்வது, அதன்மேல் தன் பாரத்தைச் சாய்ப்பது. லத்தீனில் நோட்டிசியா, அசென்சுஸ், ஃபிடூசியா.

முதலாவதுக்கு மத்தேயு 2:4-6 போதும். கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்கிறான். வேதபாரகர் மீகாவின் வசனத்தைச் சரியாகச் சொல்கிறார்கள். எருசலேமிலிருந்து பெத்லெகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே போனவர்களாக வேதம் காட்டுவது கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளைத்தான், விடை சொன்னவர்களை அல்ல. இரண்டாவதுக்கு அகிரிப்பா ராஜா. தீர்க்கதரிசிகளை அவன் விசுவாசிக்கிறான் என்று பவுலே சொல்கிறார் (அப். 26:27), அப்படியும் எழுந்து போய்விடுகிறான். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு 2:19 சொல்வதும் இதே நிலைதான். பரீட்சை வைத்துப் பார்க்கக்கூடியவை இந்த இரண்டு மட்டுமே. மூன்றாவதற்கு மதிப்பெண் போட முடியாது. சிக்கல் அங்கேதான்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'இயேசு ஏன் மரித்தார்' என்று கேட்டால் மனப்பாடம் பேசும். 'நீங்கள் தேவனுக்கு முன்பாக நிற்கும்போது எதைக் காட்டி நிற்பீர்கள்' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தன் ஒழுக்கம், குடும்பப் பின்னணி, ஊழியம் என்று ஒருவர் அடுக்கத் தொடங்கினால், பிலிப்பியர் 3:5-8ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் வைத்திருந்த பட்டியலும் கிட்டத்தட்ட அதுவே. அதைத்தான் அவர் நஷ்டமென்று எண்ணுகிறார். அடுத்து, 'எந்தப் பாவத்தோடு இப்போது போராடுகிறீர்கள்' என்று கேளுங்கள். பாவத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. போராட்டம் என்பதே புரியாமல் விழிக்கிறாரா, முகம் மாறுகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

பிறகு யோவானின் முதலாம் நிருபம். 105 வசனம்தான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். 'தேவனால் பிறந்தவன்' என்ற கருத்து வரும் ஆறு வசனங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: 2:29, 3:9, 4:7, 5:1, 5:4, 5:18. நீதி செய்வது, சகோதரரை நேசிப்பது, இயேசுவே கிறிஸ்து என்று விசுவாசிப்பது, உலகத்தை ஜெயிப்பது என்று அடையாளங்கள் அங்கேயே கிடைக்கும். 3:9ஐ வைத்து யாரும் பயந்துவிடாதபடி 1:8ஐச் சேர்த்தே வாசியுங்கள். பாவம் செய்யான் என்பதைப் பாவத்திலேயே தொடர்ந்து வாழான் என்று பல விளக்கவுரையாளர்கள் கொள்வதற்கு, கிரேக்க வினை நிகழ்காலத்தில் இருப்பது காரணம்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒரு ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொன்ன உடனே 'நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று உறுதி கொடுப்பது. அந்த உறுதியைக் கொடுக்க வேண்டியது ஆவியானவர் (ரோமர் 8:16), வகுப்பாசிரியர் அல்ல. மற்றொன்று, தேதி கேட்பது. தீமோத்தேயு சிறுவயதுமுதல் பரிசுத்த வேத எழுத்துக்களை அறிந்தவன். அப்படி வளர்ந்தவர்களிடம் நாள் கேட்டால் பொய்ச்சாட்சியைத்தான் உண்டாக்குவீர்கள். கண்ணீரையும் நம்பிவிட வேண்டாம். சாட்சி சொல்லும் முறையையும் ஒருவர் மனப்பாடம் செய்துகொள்ள முடியும்.

திருமுழுக்கு மரபு

ஒரு திருத்தம். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் மரபுகளில் மறுபிறப்பு திருமுழுக்கோடு பிணைந்தது; யோவான் 3:5, தீத்து 3:5 இரண்டும் அப்படியே வாசிக்கப்படுகின்றன. அந்த மரபில் வளர்ந்தவரிடம் 'நீங்கள் மறுபடியும் பிறந்தீர்களா' என்று கேட்டால், திருமுழுக்கு நாளைத்தான் சொல்வார். அது தட்டிக்கழிப்பு அல்ல. அவரிடம் கேட்க வேண்டியது, அன்று கிடைத்த வாழ்வு இன்று கனி தருகிறதா என்பது. பெற்ற அருளை வளர்க்காமல் விடலாம், இழக்கவும் இழக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் கற்பிக்கிறது.

வசனத்தின் பிள்ளை

அறிவைத் தாழ்த்திப் பேசாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். 1 பேதுரு 1:23ஐ முன்னால் வையுங்கள். மறுபடியும் ஜெநிப்பிக்கும் வித்தே தேவவசனம். கேள்விப்படாதவரை எப்படி விசுவாசிப்பார்கள் என்பது ரோமர் 10:14. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் (10:2) அறிவில்லாத வைராக்கியத்தைப் பற்றியும் பவுல் எச்சரிக்கிறார். எத்தியோப்பிய மந்திரிக்குப் பிலிப்பு வைத்த முதல் கேள்வியே 'வாசிக்கிறவைகளின் கருத்து தெரியுமா' என்பது. அறிவு வேண்டாம் என்று சொல்லும் போதனை கடைசியில் உணர்ச்சியைத்தான் ஆவி என்று வணங்கும்.

ஜான் வெஸ்லியையும் உதாரணமாகச் சொல்லலாம். 1728ல் குருப்பட்டம் பெற்றவர், ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போய்வந்தவர். 1738 மே 24 மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட்டில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோதுதான் கிறிஸ்துவைமட்டும் நம்பும் உறுதி தனக்கு வந்ததாக எழுதினார். அன்றும் அவரை எட்டியது வாசிக்கப்பட்ட ஓர் எழுத்துதான். தம் பழைய நிலையைப் பற்றிப் பிற்காலத்தில் நிதானமாகத் திருத்திக்கொண்டார்: அப்போதும் வேலைக்காரனுக்குரிய விசுவாசம் இருந்தது, புத்திரனுக்குரியது இருக்கவில்லை என்று. நன்றாகப் படித்த மாணவரை 'நீ ஒன்றுமில்லாதவன்' என்று ஒதுக்கிவிடாமல் இருக்க இந்தப் பிரிப்பு மிகவும் உதவும்.

வகுப்பாசிரியர் கேட்டது

மிக்க நன்றி. விசுவாசத்தின் அந்த மூன்று பகுதிகளையும் இந்த வாரமே பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: நிக்கொதேமு கடைசியில் மறுபடியும் பிறந்தானா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

மூலமொழி மாணவன்

யோவான் அதை ஒரு வரியில் எழுதி வைக்கவில்லை. அவனை இன்னும் இரண்டு இடங்களில் காட்டுகிறார். 7:50-51ல் ஆலோசனைச் சங்கத்தில் இயேசுவுக்காக நியாயம் கேட்கிறான். அதுவும் நியாயப்பிரமாணத்தை எடுத்துக்காட்டித்தான். 19:39ல் இயேசுவை அடக்கம்பண்ண வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவருகிறான். இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல், ஒளித்துக் கொண்டுபோகிற சுமை அல்ல. அது பஸ்காவுக்கு ஆயத்த நாள். பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டு என்பது எண்ணாகமம் 19:11. அது தெரியாத பரிசேயன் இல்லை. தெரிந்தே அரிமத்தியா ஊரானாகிய யோசேப்போடு சேர்ந்து அந்தச் சரீரத்தைத் துணிகளில் சுற்றிக் கட்டினான்.