கருங்கல் அடிச்சுவரில் ஈரம்: சிமென்ட் பூசலாமா, சுண்ணாம்புக் காரையே போடலாமா?

அரசலாற்றங்கரை:
வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் தாத்தா காலத்து வீடு. கொல்லைப்புறச் சுவர் இடுப்பு உயரம் வரை கருங்கல், அதற்கு மேல் செங்கல். எல்லாம் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. ரொம்ப வருஷம் முன்பு கல் இடுக்குகளை மட்டும் சிமென்ட்டால் அடைத்திருக்கிறார்கள். அந்த சிமென்ட் அப்படியே கெட்டியாக இருக்கிறது. ஆனால் கல்லுக்கு மேலே இருக்கும் செங்கல் மாவாக உதிர்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது. கொத்தனார் வாட்டர்புரூஃப் கலந்து மொத்தச் சுவரையும் சிமென்ட்டில் பூசிவிடலாம் என்கிறார். அம்மாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சுண்ணாம்பிலேயே செய்ய முடியுமா? ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாமா?

மாயவரம் மேஸ்திரி:
தம்பி, அம்மா சொல்வதுதான் சரி. பூசிவிடாதீர்கள்.

தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். கருங்கல் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, அதனால் ஈரம் கல்லுக்கு நடுவே இருக்கும் காரை வழியாகத்தான் மேலே வரும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் வந்த ஈரம் அங்கேயே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் வைத்து அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஈரம் இன்னும் மேலே ஏறி செங்கல் வழியாக வெளியே வருகிறது. தண்ணீர் காய்ந்துபோகும், அதில் கரைந்திருந்த உப்பு செங்கலுக்குள் தங்கிப் பருத்து அதை உடைக்கும். மேலேயும் சிமென்ட் பூசினால் ஈரம் பூச்சுக்குப் பின்னால் இன்னும் உயரம் ஏறும், உதிர்கிற இடம் ஜன்னல் மட்டத்துக்குப் போகும். இந்தப் பக்கத்தில் இப்படிக் கெட்டுப்போன நல்ல வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். வயிறு எரிகிறது.

காரையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தரையைப் பாருங்கள். ரோடு போடப் போட நம் ஊர்களில் தெரு உயர்ந்து வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. கொல்லையிலும் மண் மேடேறிச் சுவரை மூடியிருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுங்கள், ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழாமல் திருப்பிவிடுங்கள், துவைக்கிற கல் பக்கத்தில் இருந்தால் தள்ளிப் போடுங்கள். மழைக்கு முன் இந்த வேலை மட்டும் போதும். சுண்ணாம்பு வேலையைப் பொங்கல் கழித்து ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காரை காயாது. சித்திரை வெயிலில் சட்டென்று காய்ந்து வெடிக்கும். தை, மாசிதான் தோது.

சிமென்ட்டை உளி, சுத்தியலால் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். மிஷின் வைத்தால் கல் ஓரம் பெயரும். பிடிவாதமாக ஒட்டியிருக்கும் இடத்தில் கல்லை உடைத்து எடுக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். கழன்ற கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டெல்டாவில் ஏது பாறை? திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்த கல்லாக இருக்கும்.

தரங்கம்பாடி வாசி:
மேஸ்திரி ஐயா சொன்னதை நானும் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் பழைய வீடுகள் பலவற்றை, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று சுண்ணாம்பிலேயே சீர் செய்தது. ஒருநாள் வந்து அந்தச் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். இங்கே விசாரித்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் கிடைப்பார். ஒன்றே ஒன்று: கடற்கரை மணலோ உப்புத் தண்ணீரோ கலவையில் சேரவே கூடாது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் கரிக்கும் என்பதால் குடிக்கிற தண்ணீரைத்தான் எடுக்கிறோம்.

அரசலாற்றங்கரை:
ரொம்ப நன்றி ஐயா, நன்றிங்க. மண் வெட்ட நாளைக்கே ஆள் சொல்லிவிட்டேன். கலவை எப்படிப் போடுவது? கடுக்காய், வெல்லம் எல்லாம் கட்டாயம் வேண்டுமா? பெயின்ட் கடையில் மூட்டையாக விற்கிற சுண்ணாம்புத் தூள் சரிப்படுமா?

மாயவரம் மேஸ்திரி:
கடைத் தூள் வேண்டாம். காற்றுப்பட்டு எப்போதோ செத்துப்போயிருக்கும். சூளையில் சுட்ட கல்லோ கிளிஞ்சலோ கட்டியாக வாங்குங்கள். ஒரு துண்டில் தண்ணீர் தெளித்தால் சூடேறிப் பொரிந்து உடைய வேண்டும், அதுதான் உயிரோடு இருக்கிற சுண்ணாம்பு. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் தொட்டிக்கு மூடி வேண்டும். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்க 2 வாரமாவது ஊறவிடுங்கள். மார்கழியிலேயே நீற்றி வைத்தால் இன்னும் நல்லது, ஊற ஊற வெண்ணெயாகும்.

மேல் சுவருக்கு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய கொரகொரப்பான மணல் 3 பங்கு. தரையை ஒட்டிய கல் இடுக்குக்கு சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. சுர்க்கியை நன்றாக வேகாத நாட்டுச் செங்கலை இடித்துச் சலித்து எடுங்கள். அது சேர்ந்தால்தான் ஈரத்திலும் காரை இறுகும். தண்ணீரைக் கொட்டிக் குழைக்காதீர்கள், இடிக்க இடிக்கக் கலவை தானாக இளகும்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்தால் கலவை கரண்டிக்கு வழவழப்பாக வரும். நல்லதுதான், ஆனால் நீற்றுவதில் கோட்டைவிட்டுக் கடுக்காயை நம்பிப் பயனில்லை.

இடுக்கைக் குறைந்தது ஓர் அங்குலம் தோண்டி, தூசி தட்டி, நனைத்துவிட்டு அழுத்தி அடையுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் கல் சில்லு செருகுங்கள். வேலை முடிந்ததும் ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் காயாமல் பாருங்கள். செங்கலில் உப்பு பூத்தால் உலர்ந்த பிரஷால் தட்டி முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். கடைசியில் எமல்ஷன் பக்கம் போகாமல் வெள்ளை மட்டும் அடியுங்கள்.