பார்வையற்றோருடன் பணி செய்பவர்களே, உங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது எது?

சிறப்பாசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது ஒரு பட்டியலைத்தான். எந்தக் கையேடு, எந்தச் செயலி, எந்தப் பயிற்சி என்று. பட்டியல் கொடுப்பது எளிது. ஆனால் யாருக்கு, எந்த நிலையில், எதற்காக அது உதவியது என்று கூடவே சொன்னால்தான் மனதில் நிற்கிறது. அதனால் ஆளுக்கொரு அனுபவமாக எழுதுங்கள். சம்பந்தப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரங்கள் மட்டும் வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். பொதுப் பள்ளிகளுக்குப் போய், பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் துணையாக இருப்பது என் வேலை. ஒரு மாணவி மேல் வகுப்பாசிரியருக்குக் கோபம். "நான் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். மருத்துவச் சான்றில் விழித்திரையின் நடுப்பகுதி பாதிப்பு என்று இருந்தது. நடுப்பார்வை போனவர்கள், மிச்சமிருக்கும் ஓரப்பார்வையில் உருவம் விழும்படி கண்ணைச் சற்று விலக்கி வைத்துப் பார்ப்பார்கள். அவள் ஆசிரியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகத் திரும்பினால் அவர் முகம் அவளுக்கு மறைந்துவிடும்.

சான்றிதழில் இருக்கும் 6/60 என்ற பார்வைக்கூர்மை எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் செயல்பாட்டுப் பார்வை மதிப்பீடு இருக்கிறது. வகுப்பிலும் வராந்தாவிலும் வெயிலிலும் விளையாட்டுத் திடலிலும் கூடவே இருந்து, அந்தப் பிள்ளை மிச்சப் பார்வையை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று கவனித்து எழுதுவது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வசதி, எந்த அளவு எழுத்தை எவ்வளவு தூரத்தில் படிக்கிறாள், கண் கூசுகிறதா, எப்போது களைத்துப் போகிறாள், எல்லாம் அதில் வரும். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இடம் மாற்றினார்கள், சாய்வுப் பலகை வந்தது, தடித்த கறுப்புப் பேனா வந்தது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். அது வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்குமே உதவியது.

அப்புறம், நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஹாட்லென் 1996-ல் முன்வைத்த விரிவுபடுத்திய அடிப்படைப் பாடத்திட்டம். மற்றப் பிள்ளைகள் பார்த்தே பழகிக்கொள்வதைப் பார்வையற்ற பிள்ளைக்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரெயில், நடமாட்டம், வீட்டு வேலை, பிறரோடு பழகுவது, தொழில்நுட்பம், தனக்கு வேண்டியதைத் தானே முடிவு செய்வது என்று இப்போது அதில் 9 பகுதிகள். எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு பையன், தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தெரியாமல் மேல்படிப்புக்குப் புறப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்பான குடும்பம்தான். எல்லாவற்றையும் அவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள். அந்த 9 பகுதிகளையும் பெற்றோரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினால், மதிப்பெண் பட்டியலில் வராத இந்தக் குறைகள் வெளியே வந்துவிடும்.

நடமாட்டப் பயிற்றுநர்

மேடம், நீங்கள் சொன்ன மாணவிக்கு நேர் எதிரான பார்வை உள்ள ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயதானவர், விழித்திரை நிறமிச் சிதைவு. ஓரப்பார்வை முழுக்கப் போய், நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிச்சம். செய்தித்தாள் படிப்பார், ஆனால் வழியில் கிடக்கும் நாற்காலியில் இடித்துக்கொள்வார். இருட்டிவிட்டால் இன்னும் மோசம். வெள்ளைக்கோல் எடுத்துக்கொண்டு வெளியே போனால், "பேப்பர் படிக்கிறவருக்குக் கோல் எதற்கு, நடிக்கிறார்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மகனே அப்படித்தான் நினைத்தார். அதனால் அவர் கோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். அது ஆபத்து.

மகனிடம் இரண்டு தாள்களைக் குழலாகச் சுருட்டிக் கொடுத்து, கண்களில் வைத்துக்கொண்டு ஒரு சுவரோரமாக நடக்கச் சொன்னேன், நானும் பக்கத்திலேயே நடந்தேன். அப்பாவின் முழு நிலையையும் அது காட்டிவிடாது. ஆனால் எதிரே இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும்போதே காலடியில் இருப்பது தெரியாமல் போகலாம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு அவரே அப்பாவைக் கோலோடு கூட்டிவந்தார்.

கோல் பிடிக்கும் முறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ஹூவர் உருவாக்கிய நீண்ட கோல் முறையைத்தான் இன்றும் அடிப்படையாகக் கற்றுத்தருகிறோம். இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்பக்கம் தட்டும். அதாவது அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடும். நீளமும் முக்கியம். வழக்கமாக நெஞ்சுக்கூட்டின் உயரம் வரை அளப்போம், வேகமாக நடப்பவர்களுக்கு இன்னும் நீளம் தேவைப்படும். கிடைத்த கோலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவமனை, அலுவலகம் என்று எங்கே வேலை செய்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது வழிகாட்டும் முறை. நீங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது, அவர்தான் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் வருவார். உங்கள் உடல் ஏறி இறங்குவதிலேயே படியும் திருப்பமும் அவருக்குத் தெரிந்துவிடும். கோல் நுனியைப் பிடித்து இழுத்துப் போவதை இன்னமும் பார்க்கிறேன், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கண் மருத்துவமனை ஆலோசகர்

என் அனுபவம் வேறு மாதிரி. பார்வை வெகுவாகக் குறைந்த ஒரு பாட்டியை மகள் அழைத்து வந்திருந்தார். பரிசோதனை முடிந்து மகள் வெளியே போனதும், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "எனக்குப் புத்தி பிசகிவிட்டதா, பாப்பா?" சாயங்காலமானால் சுவரோரம் குட்டி மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்களாம். நல்ல பட்டுத்துணி, தலையில் தொப்பி. ஒரு சத்தமும் கிடையாது. அவர்கள் உண்மையில்லை என்று அவருக்கே தெரிகிறது. ஆனால் பேய் பிடித்தது என்றோ மனநோய் என்றோ சொல்லிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமலேயே வைத்திருந்திருக்கிறார்.

இதற்குச் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே, பார்வை மங்கிய தன் தாத்தா கண்ட காட்சிகளைப் பற்றி 1760-ல் எழுதினார். கண்ணிலிருந்து வரும் தகவல் குறைந்துபோகும்போது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படங்களை உண்டாக்குகிறது. கோலங்கள், முகங்கள், பூக்கள், ஆட்கள், எதுவும் வரலாம். மனநோய் இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். மகளையும் உள்ளே கூப்பிட்டு விளக்கினேன். விளக்கைப் போடுவது, கண்ணைச் சிமிட்டுவது, தலையை அசைக்காமல் கண்களை இடமும் வலமும் நகர்த்துவது எல்லாம் சிலருக்குக் காட்சியைக் கலைத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். பலருக்கு நாளடைவில் தானாகவே குறைந்துவிடுகிறது.

குரலும் கேட்கிறது, வருபவர்கள் நிஜம் என்று நம்புகிறார், பேச்சும் நினைவும் தடுமாறுகிறது என்றால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இப்போதெல்லாம் பார்வை வெகுவாகக் குறைந்த ஒவ்வொருவரிடமும் நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன்: "இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதுண்டா? சிலருக்கு வரும், பயப்பட ஒன்றுமில்லை." கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வதில்லை. இந்த ஒரு கேள்வியை உங்கள் விசாரணைத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

கணினிப் பயிற்றுநர்

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளில் பயிற்சி கொடுப்பது என் தொழில். கணக்குப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் பார்வை இழந்த ஒரு பெண்மணி பயிற்சிக்கு வந்தார். அவருக்கு முன்பு உதவ வந்த பார்வையுள்ள நண்பர்கள் எல்லாரும் சுட்டியைப் பிடித்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் விரலுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

நாங்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் தொடங்கினோம். 2006-ல் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டெ சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். இலவசம், தமிழ்க் குரலும் உண்டு. முதலில் விசை உதவி நிலையைப் போட்டுவிட்டு, எந்த விசை என்ன செய்யும் என்று அவரே தட்டித் தட்டிப் பார்க்கும்படி விட்டேன். அப்புறம் ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, டி தட்டினால் அடுத்த அட்டவணை. எக்செல்லுக்கு வந்ததும் அவர் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. கணக்கு அவருக்குத் தெரிந்ததுதானே. வழி மட்டும்தான் மாறியிருந்தது.

பார்வையுள்ள பயிற்றுநர்களுக்கு ஒரு தகவல். என்விடிஏ-யின் கருவிகள் பட்டியலில் 'ஸ்பீச் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. திரைவாசிப்பான் பேசுவதெல்லாம் அதில் எழுத்தாக வரும். குரல் வேகத்துக்குக் காது பழகாதவர்கள் அதை வைத்துப் பின்தொடரலாம். அதேபோல் திரையை முழுக்கக் கறுப்பாக்கும் வசதியும் உண்டு. அதைப் போட்டுவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள், மாணவருக்கு எதை முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது பிடிபடும்.

ஆனால் பேசும் கருவி வந்துவிட்டதே, பிரெயில் எதற்கு என்று கேட்பவர்களிடம் எனக்கு உடன்பாடே இல்லை. காதால் மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைகள் 'ந'-வுக்கும் 'ன'-வுக்கும், 'ல'-வுக்கும் 'ள'-வுக்கும் தடுமாறுவதைத் தினமும் பார்க்கிறேன். பிரெயிலில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளிக்கூட்டு, விரலே எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துவிடும். ஆறு புள்ளிதான். குழந்தைக்குப் பள்ளி தொடங்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

நூலகர்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவர் பாடநூல் கேட்டார். வேறோர் இடத்தில் அவருக்கு ஏற்கெனவே பிடிஎஃப் கொடுத்திருந்தார்கள், ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் வெறும் படம். திரைவாசிப்பான் 'காலியான பக்கம்' என்று படித்துக்கொண்டே போனது. நாங்கள் எழுத்துணரி மூலம் உரையாக்கி, பிழை திருத்தி, தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்துக் கொடுத்தோம். எண்ணூறு பக்கப் புத்தகத்தில் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியாவிட்டால் அது படிக்கக் கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான்.

இப்படி மாற்றிக் கொடுக்கலாமா என்று பதிப்புரிமைக்குப் பயப்படுபவர்கள் மராகேஷ் உடன்படிக்கையைப் படியுங்கள். 2013-ல் ஏற்கப்பட்டு, 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக ஏற்ற வடிவில் பிரதி எடுக்கவும், எல்லை தாண்டிப் பகிரவும் அது வழிசெய்கிறது. முதலில் இதற்கு ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவிலியர்

ஆலோசகர் அக்காவின் பதிவைப் படித்ததும் எங்கள் வார்டில் எல்லாருக்கும் காட்டினேன். நன்றி அக்கா.

எங்கள் பக்கம் பெரிய கருவிகள் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் பெயரையும் வேலையையும் சொல்வோம். வெளியே போகும்போதும் சொல்லிவிட்டுப் போவோம். இல்லாவிட்டால் ஆளில்லாத அறையில் அவர் பேசிக்கொண்டிருப்பார். ஊசி போடுவதற்கு முன் எங்கே, எந்தக் கை என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். வீட்டுக்கு அனுப்பும்போது, காலை மாத்திரைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மாத்திரைக்கு இரண்டு. ஒரு நோயாளி அதையும் மாற்றி, மருந்தின் பெயரைத் தன் குரலிலேயே பதிவு செய்துகொண்டார். அவருக்கு எது வசதியோ அதுதான் சரி.

ஒரு சந்தேகம். எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வரும் ஒரு குழந்தைக்குக் கண் பரிசோதனையில் பெரிதாகக் குறை இல்லை. ஆனால் ஒரு நாள் பந்தைப் பார்க்கிறது, மறுநாள் பார்ப்பதில்லை. அம்மாவை "பிள்ளை கவனிப்பதில்லை" என்று சொல்லிச் சொல்லியே நோகடிக்கிறார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?

சிறப்பாசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

சிஸ்டர், குழந்தைகள் நரம்பியல் மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது. மூளை சார்ந்த பார்வைக் குறைபாடாக இருக்கலாம். கண் நன்றாக இருந்தாலும், அது அனுப்புவதை மூளை புரிந்துகொள்வதில் சிக்கல். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளிடமும், குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் அதிகம் பார்க்கிறோம். பார்வை நாளுக்கு நாள் மாறுவதும், களைப்பிலும் இரைச்சலிலும் குறைவதும் இதில் வழக்கம். அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், பிள்ளை மேல் தவறில்லை என்று.

கிறிஸ்டின் ரோமன்-லான்ட்ஸி உருவாக்கிய மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. நிறம், அசைவு, சுற்றிலும் உள்ள நெரிசல், தூரம் என்று 10 பண்புகளை வைத்துக் குழந்தையைக் கவனிப்பது. மருத்துவர் பார்க்கும் வரை, வெற்றுக் கறுப்புத் துணியின் முன்னால் ஒரே நிறப் பொருள் ஒன்றை, சிவப்போ மஞ்சளோ, மெதுவாக அசைத்துப் பாருங்கள். சத்தம் வேண்டாம். பார்க்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், உடனே திரும்பாது. எந்தப் பக்கம் காட்டினால் திரும்புகிறது, எத்தனை நொடி ஆகிறது என்று அம்மாவையே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோகட்டும்.